அக்கரையும் இக்கரையும்

இரண்டு நாடுகளின் வாழ்க்கைத் தரத்தை ஒப்பிட்டுப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டபோது, எந்த இரண்டு நாடுகள் என்பதைக் குறிப்பிடவில்லை. அந்தப் பொறுப்பை என்னிடமே விட்டுவிட்டார்கள். நார்வேயையும் ஜப்பானையும் எடுத்துக்கொண்டிருந்தால், புத்தகங்களிலிருந்து அழகான எண்களை அடுக்கிக் காட்டியிருக்கலாம். மறுத்துக் கேட்பாரும் இரார். ஆயினும் தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்று ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பழக்கம் பணி ஓய்வுக்குப் பின்னும் போகவில்லை. ஆதலின், இராமேசுவரத்துக்கு அப்பால் இருக்கும் இலங்கையையும் நம் இந்தியாவையுமே எடுத்துக்கொள்கிறேன். இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

தனுஷ்கோடி முனைக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள கடல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். இரு நாடுகளும் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தவை. 1947 ஆகஸ்டு 15-ஆம் நாள் நாம் விடுதலை பெற்றோம். ஆறு மாதம் கழிவதற்குள், 1948 பிப்ரவரி 4-ஆம் நாள், இலங்கை விடுதலை பெற்றது. ஒரே நாளில் பள்ளியில் சேர்ந்த இரண்டு மாணவர்களைப் போல இவற்றைக் கருதலாமா என்றால், முழுவதும் கருத இயலாது. 1946-இல் இலங்கையின் மக்கள்தொகை 66 இலட்சம். 1951-இல் இந்தியாவின் மக்கள்தொகை 36 கோடி. ஒரு வகுப்பின் மதிப்பெண்ணை ஒரு மாவட்டத்துப் பள்ளிகள் அனைத்தின் மதிப்பெண்ணோடு ஒப்பிடுவது போன்ற செயல் இது. இந்தக் குறையை மனத்தில் வைத்துக்கொண்டே மேலே செல்வோம்.

ஒரு நாட்டின் வாழ்வை எதைக் கொண்டு அளப்பது? நெடுங்காலமாகத் தலைக்கு எவ்வளவு வருமானம் என்று கணக்கிட்டு அதனையே அளவுகோலாகக் கொண்டிருந்தனர். ஒரு தெருவில் ஒரு செல்வர் குடிவந்துவிட்டால் அந்தத் தெருவின் சராசரி வருமானம் உயர்ந்துவிடும். ஏனையோர் வீட்டு உலையில் ஒரு பிடி அரிசி கூடுதலாக விழாது. இதனை உணர்ந்து, மாரிஸ் டேவிட் மாரிஸ் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1979-இல் வெளியிட்ட நூலில் வேறோர் அளவுகோலைப் பயன்படுத்தினார். பிறந்த குழந்தைகளில் எத்தனை ஓராண்டு நிறையும் முன்னர் இறக்கின்றன, அந்த ஓராண்டைத் தாண்டியவர் எவ்வளவு காலம் வாழ்வர், மக்களில் எத்தனை பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும் ஆகிய மூன்றையும் சேர்த்து நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் கொடுத்தார். இலங்கை 80-க்கு மேல் பெற்றது. இந்தியா 40-ஐச் சற்றே தாண்டியது. வருமானத்தில் இரண்டும் ஏழை நாடுகளே! அறிஞர் உலகம் வியப்படைந்தது. நம் நாட்டார் சிலர் சற்று வெட்கமும் அடைந்தனர்.

வெட்கப்படுவதற்கு முன் காரணத்தை ஆராய வேண்டும். வரலாறு படிப்பித்தவன் என்ற முறையில் நான் விடுதலை ஆண்டிலிருந்து தொடங்க மாட்டேன். 1931-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவேன். டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி அந்த ஆண்டில் இலங்கையில் 21 வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை வழங்கப்பட்டது. சொத்து வேண்டியதில்லை, படிப்பு வேண்டியதில்லை. அவ்வேளையில் நம் நாட்டில் நிலைமை என்ன? 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் ஏழில் ஒரு பங்கினர்க்கே இங்கே வாக்கு இருந்தது. எல்லார்க்கும் வாக்கு என்பது நமக்கு 1951–52 தேர்தலில்தான் கைகூடியது. ஆக, இலங்கையின் குடியானவன் நம் குடியானவனைவிட இருபது ஆண்டுகள் முன்னதாகவே வாக்குச் சாவடிக்குச் சென்றுவிட்டான்.

இந்த இருபது ஆண்டுகள் சிறியவையல்ல. வாக்குக் கேட்டு வந்தவரிடம் கிராமத்தார் என்ன கேட்பர்? ஒரு பள்ளிக்கூடம் கேட்பர். ஒரு மருந்தகம் கேட்பர். பிள்ளைப்பேற்றுக்கு ஒரு மருத்துவிச்சியைக் கேட்பர். இலங்கையில் கேட்டார்கள், பெற்றார்கள். முதற் சுகாதாரப் பிரிவு 1926-லேயே களுத்துறையில் தொடங்கப்பட்டிருந்தது. வீடு வீடாகச் செல்லும் பயிற்சி பெற்ற மருத்துவிச்சி என்ற ஏற்பாடு அதிலிருந்து நாடெங்கும் பரவிற்று. 1934–35-இல் மலேரியாக் காய்ச்சல் கொள்ளைநோயாக வந்து ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுசென்றது. அத்துயரமே அரசினரைக் கிராமத்து வைத்தியத்தின் பக்கம் திருப்பிற்று. 1942-இல், போர்க்காலத்தில், அரிசிப் பங்கீடு வந்தது. போர் முடிந்த பின்னும் குறைந்த விலையில் அரிசி கொடுப்பது நிற்கவில்லை.

கல்வியைப் பற்றிச் சொல்ல வரும்போது எனக்குச் சற்று உணர்ச்சி மேலிடுவதை நேயர்கள் மன்னிக்க வேண்டும். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா என்பவர் 1931 முதல் 1947 வரை இலங்கைக் கல்வி அமைச்சராக இருந்தார். பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கல்வி என்ற திட்டத்தை அவர் கொணர்ந்தபோது எதிர்ப்புகள் மிகுதி. எனினும் 1945 அக்டோபர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. நாட்டுப்புறங்களில் மத்திய பாடசாலைகள் எழுந்தன. தாய்மொழியில் பாடம் நடந்தது. 1946-ஆம் ஆண்டுக் கணக்கில் இலங்கையில் நூற்றுக்கு 58 பேர் எழுத்தறிந்தவர். 1951-இல் இந்தியாவில் நூற்றுக்கு 18 பேர்! நம் ஆசிரியர்கள் எங்கிருந்து தொடங்க வேண்டியிருந்தது என்பதை இந்த எண் காட்டும்.

1946-இல் டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லி மருந்தை இலங்கை முழுவதும் தெளிக்கத் தொடங்கினர். அந்த ஆண்டில் ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த இறப்பு விகிதம் மறு ஆண்டே 14 ஆகக் குறைந்தது. ஒரே ஆண்டில் இத்துணை வீழ்ச்சியை வேறெங்கும் அரிதாகவே கண்டிருக்கிறார்கள். எல்லாம் மருந்துப் பொடியின் மகிமையே என்று அக்காலத்தில் எழுதினர். பின்னர் ஆராய்ந்தவர்கள், மலேரியா அதிகம் இல்லாத மாவட்டங்களிலும் இறப்பு குறைந்திருந்ததைச் சுட்டிக்காட்டினர். மருத்துவமனை, மருத்துவிச்சி, அரிசி, எழுத்தறிந்த தாய் ஆகிய நால்வகையும் சேர்ந்தே வேலை செய்தன என்பதே என் கருத்தும். 1946-இல் அங்கே பிறந்த குழந்தையின் எதிர்பார்க்கும் ஆயுள் சுமார் 43 ஆண்டுகள். 1950-களின் நடுவே அது 56-ஐத் தாண்டிற்று. நம் நாட்டிலோ 1941–50 பத்தாண்டுக் கணக்குப்படி 32 ஆண்டுகளே. பெண்களின் ஆயுள் ஆண்களின் ஆயுளைத் தாண்டுவது ஒரு நாட்டின் வீட்டு நிலையைக் காட்டும் கண்ணாடி. இலங்கையில் அது 1960-களில் நிகழ்ந்தது. இந்தியாவில் 1980-களில்தான் நிகழ்ந்தது.

அரசினர் கொடுத்ததைத் திரும்பப் பெற முயன்றபோது என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். 1953-இல் ஒரு கொத்து அரிசியின் பங்கீட்டு விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார்கள். ஆகஸ்டு 12-ஆம் நாள் நாடு முழுவதும் ஹர்த்தால். அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற ஆங்கிலப் போர்க்கப்பலில் கூடியது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். அடுத்து வந்தவர் விலையைக் குறைத்தார். அரிசியைத் தொட்ட அமைச்சரவை நிலைக்காது என்பதை அங்கே அரசியல்வாதிகள் அதன் பின்னர் நெடுங்காலம் மறக்கவில்லை.

இதுவரை நான் சொன்னது நல்ல கதை. பள்ளிப் பாடநூலில் இதனோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் இலவசப் பள்ளிக்கும் மலிவு அரிசிக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து கேட்டால் விடை சொல்ல வேண்டாமா? அந்நாட்களில் இலங்கையின் ஏற்றுமதி வருவாயில் பாதிக்கு மேல் தேயிலை ஒன்றிலிருந்தே கிடைத்தது. ரப்பரும் தேங்காயும் அதற்குப் பின்னரே. தேயிலையின் மீது விதித்த வரியே அரசின் கருவூலத்தை நிரப்பிய ஊற்றுகளில் முதன்மையானது. அந்தத் தேயிலைக் கொழுந்தைக் கிள்ளியவர்கள் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பட்ட நம் மக்களின் வழித்தோன்றல்கள்.

1931-இல் இவர்களில் பலருக்கும் வாக்குரிமை இருந்தது. 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டுத் தொகுதிகளில் இலங்கை இந்தியன் காங்கிரசார் வென்று பாராளுமன்றம் புகுந்தனர். அடுத்த ஆண்டே, 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்தவனும் தன் தந்தை இலங்கையிலேயே பிறந்தவர் என்பதற்குச் சான்று காட்ட வேண்டுமாம்! லயத்தின் புகை மண்டிய அறையில் பிறந்தவனுக்குத் தந்தையின் பிறப்புச் சான்றிதழ் எங்கிருந்து கிடைக்கும்? 1949-இல் வாக்குரிமையும் போயிற்று. விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம் என்று ஒரு சட்டமும் வந்தது. சுமார் 1,34,000 பேர்தாம் அதன்படி தேறினர். ஏனையோர் எந்த நாட்டுக்கும் உரியவரல்லர் என்ற நிலையில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தனர்.

வாக்கு இல்லாதவரிடம் வாக்குக் கேட்க யாரும் வரமாட்டார். ஆதலின் அவர் பள்ளிக்கூடம் கேட்கவும் வழியில்லை. கன்னங்கராவின் திட்டம் தோட்டத்துக்குள் முழுமையாக நுழையவில்லை. தோட்டப் பாடசாலைகள் 1970-கள் வரை தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்தன. பெரும்பாலும் ஓர் ஆசிரியர், ஒரு கூடம், ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடியும். ஒரு குடும்பத்துக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஓர் அறை. உலகம் வியந்த அந்த 80 மதிப்பெண்ணுக்குள் இந்த அறைகளும் அடங்கியிருந்தன. ஆனால் அவை வெளியே தெரியவில்லை. சராசரி என்பதன் குணமே இது.

1964 அக்டோபர் 30-ஆம் நாள் லால் பகதூர் சாஸ்திரிக்கும் சிறிமாவோ பண்டாரநாயக்காவுக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது. 3,00,000 பேரை இலங்கை ஏற்பது. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசுவது. 1974-இல் அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். ஒரு மூட்டை நெல்லைப் பங்கு போடுவது போலவே இந்த எண்கள் எனக்குத் தோன்றுகின்றன. உட்கார்ந்து பேசிய இருவரும் நல்லவர்களே என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட மற்றொரு காரணத்துக்கு வருகிறேன். 1970-களின் தொடக்கத்தில் என் பெற்றோர் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் குடியிருந்தனர். நான் நடுநிலைப் பள்ளி மாணவன். தலைமன்னாரிலிருந்து 'இராமானுஜம்' கப்பலில் இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து மலையேறிய ஒரு குடும்பம் எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள வரிசையில் குடிவந்தது. தாயும் தந்தையும் மூன்று பிள்ளைகளும். மூத்த பையன் என்னைவிட ஓராண்டு பெரியவன். ஆனால் எனக்கு மூன்று வகுப்புக் கீழே சேர்த்தார்கள். தோட்டப் பாடசாலையில் அவன் பயின்றது அவ்வளவே. பள்ளிக்கூடத்தைப் 'பாடசாலை' என்பான். ரொட்டியைப் 'பாண்' என்பான். பிள்ளைகள் அவனைச் 'சிலோன்காரன்' என்று அழைத்தார்கள். அங்கே எங்களை 'இந்தியாக்காரன்' என்பார்கள் என்று அவன் ஒரு நாள் என்னிடம் சொன்னான். குறையாகச் சொல்லவில்லை, ஒரு செய்தியாகவே சொன்னான்.

அவன் தாயாருக்கு ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு தமக்கையார் இருந்தார். இருவரும் ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். தங்கையின் கணவர் இந்தியாவுக்கு மனுச் செய்தார். தமக்கையின் கணவர் இலங்கைக்கு மனுச் செய்தார். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அங்கிருந்து கடிதம் வரும். தாயாருக்குப் படிக்கத் தெரியாது. மகனுக்கோ கூட்டெழுத்துப் படிக்க வராது. ஆதலின் கடிதத்தை வாசிக்கும் வேலையும் பதில் எழுதும் வேலையும் என் மீது விழுந்தன. பத்தாம் வகுப்பு முடியும் வரை அந்த வேலையைச் செய்தேன். இரண்டு நாடுகளின் வாழ்க்கைத் தரத்தை ஒப்பிடும் கலையை மாரிஸ் என்பவரின் நூலில் கற்பதற்கு முன்னர் அந்தத் திண்ணையில் கற்றேன் என்று சொன்னால் மிகையாகாது.

அந்தச் சகோதரியர் எதை ஒப்பிட்டார்கள்? முதலில் அரிசி விலை. பின்னர் நாட்கூலி; ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கொழுந்து கேட்கிறார்கள் என்பது; மழை; பிள்ளைகளுக்கு வந்த காய்ச்சல்; மருந்தகம் எவ்வளவு தொலைவு. இங்கே வந்த புதிதில் அந்த அம்மையார் எழுதச் சொன்னவை பெரும்பாலும் குறைகளே. அங்கே பிள்ளை பெற்றபோது மருத்துவிச்சி லயத்துக்கே வந்து பார்த்தாராம். தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கிடைத்ததாம். இங்கே இரண்டு மலை தாண்டி நடக்க வேண்டியிருந்தது. கூப்பன் அரிசிக்கு அங்கே கவலையில்லை. இங்கே குடும்ப அட்டை வருவதற்கே ஓராண்டு ஆயிற்று. தாயகம் திரும்பியோர் மறுவாழ்வுக்கென்று 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம் பின்னர்த் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக வளர்ந்து ஆயிரக்கணக்கானோர்க்கு வேலை கொடுத்தது. ஆனால் இந்தக் குடும்பத்துக்கு அங்கே இடம் கிட்டவில்லை. சிறு விவசாயிகளின் தோட்டங்களில் கூலிக்குப் போனார்கள்.

1974-ஆம் ஆண்டில் கடிதத்தின் போக்கு மாறிற்று. உலகச் சந்தையில் எண்ணெயும் தானியமும் விலையேறிய காலம் அது. இலங்கை அரசினர் பங்கீட்டைக் குறைத்தனர். கோதுமை மாவும் பாணும் கிடைப்பது அரிதாயிற்று. கிராமத்தானுக்குக் கொல்லையில் நட்டுக்கொள்ள ஒரு முழ நிலமாவது உண்டு. லயத்தில் இருப்பவனுக்கு அதுவும் இல்லை. மரவள்ளிக் கிழங்கையும் கீரையையும் தின்று காலம் தள்ளுவதாகத் தமக்கையார் எழுதியிருந்தார்; அதாவது, தோட்டத்து ஆசிரியரிடம் சொல்லி எழுதுவித்திருந்தார். அதற்கடுத்த கடிதத்தில், எட்டு மாதத்துக் கைக்குழந்தை போய்விட்டது என்று ஒரே வரி. அதனை நான் வாய்விட்டு வாசித்தேன். எனக்குப் பதினான்கு வயது. வாசிக்கத் தெரிந்திருப்பது எப்போதும் நன்மையன்று என்று அன்று நினைத்தேன்.

பல ஆண்டுகள் கழித்து, ஆசிரியனான பின்னர், ஒரு நூலில் அந்த ஆண்டின் கணக்கைக் கண்டேன். 1974-இல் இலங்கைத் தோட்டப் பகுதிகளில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறந்தவை 100-க்கும் மேல். நாடு முழுவதற்கும் சராசரி ஏறத்தாழ 50. அந்த 100-க்குள் ஒன்று எனக்குத் தெரிந்த குழந்தை. நூலை மூடி வைத்துவிட்டேன். மறுநாள் எடுத்துப் பார்த்தபோதுதான் இன்னோர் உண்மை கண்ணில் பட்டது. அதே ஆண்டுகளில் இந்தியா முழுவதற்குமான சராசரி 120-க்கும் மேலாக இருந்தது! அக்கரையில் பஞ்ச ஆண்டில், புறக்கணிக்கப்பட்ட லயங்களில் நிகழ்ந்த கொடுமை, இக்கரையில் எல்லா ஊரும் சேர்ந்த சராசரியைவிட வெகுவாக மோசமானதன்று. அப்படியானால் தங்கை பிழைத்து வந்தாரா, தவறி வந்தாரா? நான் இன்று வரை அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் ஐயமின்றிச் சொல்லலாம். 1977-ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்த அம்மையார் வரிசையில் நின்று வாக்களித்தார். விரலில் வைத்த மையை அழியாமல் காக்க வேண்டும் என்று இரண்டு நாள் இடக்கையைத் தண்ணீரில் நனைக்கவேயில்லை. அது தானாகவே அழியாது என்று நான் சொல்லியும் நம்பவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் இலங்கையில் தமிழர் மீது கலவரம் மூண்டது. மலைநாட்டிலிருந்து பல குடும்பங்கள் வவுனியாப் பக்கம் ஓடின. 1983 ஜூலையில் அதனினும் பெரிய கலவரம். அவ்வாண்டு ஏழு மாதம் ஹட்டனிலிருந்து கடிதமே இல்லை. இராமேசுவரம்–தலைமன்னார்க் கப்பலும் அதையடுத்து நின்றுபோயிற்று. ஆயுளும் எழுத்தறிவும் குழந்தை இறப்பும் சேர்ந்த எந்த அளவுகோலிலும், இரவில் கதவைத் தாழிட்டுக்கொண்டு அச்சமின்றி உறங்குவதற்கு ஒரு மதிப்பெண்ணும் ஒதுக்கவில்லை. இதை ஒரு குறையாகவே சொல்கிறேன்.

ஆயினும் தமக்கையாரின் வாழ்வும் அப்படியே நின்றுவிடவில்லை. 1970-களில் தோட்டங்களும், பின்னர்த் தோட்டப் பாடசாலைகளும் அரசுடைமையாயின. 1984-இல் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றாயிற்று. 1988-இலும் 2003-இலும் இயற்றிய சட்டங்களால் நாடற்றவர் என்ற பழிச்சொல் நீங்கிற்று. வாக்கு திரும்பி வந்தது. வாக்கின் பின்னே ஆசிரியர்கள் வந்தார்கள். அவருடைய பேத்தி ஒருத்தி இப்போது தோட்டத்துப் பள்ளியில் ஆசிரியை. 1931-இல் கிராமத்தில் நடந்தது, ஐம்பது அறுபது ஆண்டு தாமதமாக லயத்தில் நடந்தது என்று கொள்ளலாம்.

இக்கரையிலும் காலம் நின்றதில்லை. 1956-இல் காமராசர் தொடங்கிய மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவும் எத்தனை பிள்ளைகளை வகுப்பறையில் அமர்த்தின என்பதை எங்களைப் போன்றோர் வருகைப் பதிவேட்டில் கண்டவர்கள். 2020-ஆம் ஆண்டுக் கணக்கில் தமிழ்நாட்டில் குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 13. இந்தியா முழுவதற்கும் 28. இலங்கை அப்போதும் நம்மை முந்தியே நின்றது. ஐக்கிய நாடுகள் நிறுவனத்தின் மனித வளர்ச்சிக் குறியீட்டில் 2022-ஆம் ஆண்டுக்கு இலங்கை 0.780 பெற்று 78-ஆம் இடத்திலும், இந்தியா 0.644 பெற்று 134-ஆம் இடத்திலும் இருந்தன.

இதில் விந்தை என்னவெனில், அந்த 2022-ஆம் ஆண்டில்தான் இலங்கை கடனைத் திருப்பிச் செலுத்த இயலாமல் நின்றது. ஏப்ரலில் அயல்நாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தது. பெட்ரோலுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாள் கணக்கில் வரிசையில் நின்றனர். ஜூலையில் குடியரசுத் தலைவர் நாட்டை விட்டே வெளியேறினார். பள்ளிக்கூடமும் மருத்துவிச்சியும் எண்பது ஆண்டுகளில் சேர்த்துவைத்தது ஓராண்டில் கரைந்துவிடாது என்பதனால் குறியீடு கீழே விழவில்லை. உலை வைக்க எரிவாயு இல்லாதவளுக்கு அந்த எண் எவ்விதத்தில் உதவிற்று என்பது வேறு கேள்வி.

அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் தமிழ்நாட்டு அரசினர் 40,000 டன் அரிசியும் 500 டன் பால்பொடியும் மருந்துகளும் அனுப்பத் தீர்மானித்தனர். முதற் கப்பல் மே மாதத்தில் சென்னையிலிருந்து புறப்பட்டது. செய்தியை வானொலியில் கேட்டவுடன் பழைய நண்பன் என்னைக் கோத்தகிரிக்கு வரச் சொன்னான். அவன் தாயார் எண்பத்தைந்தைத் தாண்டியும் திடமாக இருந்தார். தமக்கையார் காலமாகிப் பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அவருடைய பேத்தியாகிய ஆசிரியையோடு நண்பனின் மகன் கைப்பேசியில் முகம் பார்த்தே பேசுகிறான். அன்று காலையும் பேசியிருந்தார்கள்.

"பேசியாயிற்றே அம்மா, இன்னும் என்ன?" என்றான் நண்பன்.

"பேசினது காற்றோடு போயிடும். எழுத்தில வரட்டும். மாஸ்டர் எழுதட்டும்" என்றார்.

தாளும் பேனாவும் கொண்டுவந்தார்கள். ஐம்பது ஆண்டுக்கு முன் உட்கார்ந்த அதே திண்ணையில் உட்கார்ந்தேன். நலம் விசாரித்து இரண்டு வரி எழுதினேன். பிறகு, "முதலில் அரிசி என்ன விலைன்னு கேளுங்க, மா கிடைக்குதான்னு கேளுங்க. கப்பல் அரிசி தோட்டத்துக்கு வந்ததா, டவுனோட நின்னுடுச்சான்னும் கேளுங்க" என்றார்.